பச்சை எழுத்தில் நார்மல்

பவானி, தினேஷ், நீங்கள் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்ன வியாதி, உடம்பில் எந்த இடத்தில் என்று கேட்க உங்களுக்குக் கூச்சம். சொல்ல எனக்குக் கூச்சம். இந்தக் கூச்சத்தால்தான் பாதி கெட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

ஆம்பளைகளுக்கு மூத்திரப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. மூத்திரக் குழாய் அதன் நடுவே போகிறது. வயசு ஏற ஏற அது வீங்கிக் குழாயை நெருக்கும். அதனால்தான் ஐம்பதைத் தாண்டியவர்கள் சுவரோரம் போனால் நின்றுகொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் அது வெறும் வீக்கம். சில பேருக்கு அதே சுரப்பியில் புற்றுநோய் வருகிறது. எனக்கு வந்தது அதுதான்.

அது வந்ததைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. யாருக்கும் வரும். என் ரத்தத்தை எடுத்து, அதில் ஒரு எண்ணைப் பார்த்து, பச்சை எழுத்தில் 'நார்மல்' என்று என் போனுக்கு அனுப்பினார்களே, அதைப் பற்றித்தான் கோபம். இன்னும் தீரவில்லை.

டிரெய்லர் ஓட்டுகிறவன் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். எர்ணாவூர் பக்கம் யார்டில் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வரிசையில் நின்றால் உள்ளே போகிற நேரம் யாருக்கும் தெரியாது. வண்டியை விட்டு இறங்கினால் முன்வண்டி நகர்ந்துவிடும், பின்வண்டிக்காரன் மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வந்தாலும் அடக்கிக்கொள்வோம். உடம்பில் ஏதாவது எரிந்தால், நின்றால், சொட்டினால், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: சூடு.

எனக்கும் சூடு என்றுதான் நினைத்தேன். காதர் பாயை உங்களுக்குத் தெரியும், தண்டையார்பேட்டைக்காரர், எங்கள் யார்டிலேயே ஓட்டுகிறவர். ஒருநாள் வரிசையில் என் வண்டிக்குப் பின்னால் நின்றவர் கேபினுக்கே வந்துவிட்டார்.

"இன்னா மாமு, சொம்மா சொம்மா எறங்குற? இப்ப ரெண்டு வண்டி உன்ன முந்திக்கினு போச்சு, பாத்தியா?"

"சூடு பாய். எளநீ குட்ச்சா செரியாப்பூடும்."

"எளநீ குட்ச்சா இன்னும் நாலு தபா எறங்குவ. இந்தா, இத்த போடு. தெனிக்கும் ஒண்ணு. க்யூ மாத்திரை. நம்ம யார்டுல பாதி பேரு இதுலதான் வண்டி ஓட்டிக்கினு கீறானுங்கோ."

நெடுஞ்சாலை ஓரத்து மருந்துக்கடையில் அதற்குச் சீட்டு கேட்கமாட்டார்கள். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் "க்யூவா?" என்பான் கடைக்காரன். தலையாட்டினால் அட்டையை வெட்டிக் கொடுப்பான். சில மாதம் போட்டதும் உண்மையிலேயே சுகமாக இருந்தது. இறங்குவது குறைந்தது, தூக்கமும் வந்தது. ரெண்டு வருஷம் போட்டேன். சட்டைப் பையில் டோல் ரசீதோடு அந்த அட்டையும் இருக்கும். எங்களுக்கு அது மருந்தே இல்லை. டீ மாதிரி, இடுப்பு வலிக்குக் கட்டுகிற பெல்ட் மாதிரி, தொழிலோடு வந்தது.

அப்போதுதான் யார்டில் பந்தல் போட்டு டிரைவர்களுக்கு உடல் பரிசோதனை என்றார்கள். ஒரு தனியார் லேப்காரர்கள் வந்து எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அவர்களுடைய சூப்பர்வைசர் பையன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டச் சொல்லி போட்டோ எடுத்தான். அவ்வளவுதான். அடுத்த வாரம் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. அதில் பி.எஸ்.ஏ. என்று ஒரு வரி. 3.2. நாலுக்குக் கீழே இருந்தால் சரியாம். பக்கத்தில் பச்சை எழுத்தில் நார்மல். அன்றைக்கு நான் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் அந்தப் பச்சையை நம்பினேன். பிறகு ஒரு காலை மூத்திரம் ரோஸ் நிறத்தில் போனது. அப்படியே நின்றுவிட்டேன். கஸ்தூரி கதவைத் தட்டினாள். உங்கள் அம்மா தட்டுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

"யோவ், உள்ள பூந்துக்கினு இன்னா பண்ற?"

திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"ரிப்போர்ட்டு நார்மல்னுதான் வந்துச்சு கஸ்தூரி," என்றேன்.

"ரிப்போர்ட்டா மூத்திரம் போவுது? நீ போற. சட்டைய மாட்டு, ஆஸ்பத்திரிக்கு நட."

அரசு பெரிய ஆஸ்பத்திரியில் மூத்திர சம்பந்தமான பிரிவு ஒரு நீள வராந்தாவின் கடைசியில் இருக்கிறது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி எல்லோரும் எதிரே இருக்கிற சுவரைப் பார்க்கிறார்கள். பெண்டாட்டிமார்கள்தான் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் அம்மா என் முறை வருவதற்குள் வராந்தாவில் பாதிப் பேருடைய கதையைத் தெரிந்துகொண்டாள். என் கதையையும் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள்.

உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர். பவானி, உன்னைவிட நாலைந்து வயசுதான் அதிகம் இருக்கும். நான் திரும்பி வெளியே வரப் பார்த்தேன். கஸ்தூரி வாசலை அடைத்து நின்றாள்.

"வெக்கத்த அப்பால வச்சுக்கலாம், உள்ள போ," என்றாள்.

டாக்டர் எல்லாம் கேட்டார். பிறகு, "சுவர்ப் பக்கம் திரும்பிப் படுங்கய்யா, விரல் விட்டுப் பார்க்கணும். ஒரு நிமிஷம்தான்," என்றார். அந்தச் சுரப்பியை வெளியிலிருந்து தொட முடியாது. ஆசனவாய் வழியாகத்தான் விரலால் தொட்டுப் பார்க்க முடியும். வலி ஒன்றும் பெரிதாக இல்லை. வெட்கம்தான் வலி. அவருக்கு அது தெரிந்திருந்தது. "எல்லாரும் இப்படித்தான் கண்ண மூடிக்கிறாங்க. நான் டாக்டர்ய்யா, வேற யாரும் இல்ல," என்றார்.

கை கழுவிக்கொண்டு வந்து சொன்னார். "சாதாரணமா மூக்கு நுனி மாதிரி மெத்துன்னு இருக்கணும். உங்களுக்கு ஒரு பக்கம் விரல் முட்டி மாதிரி கெட்டியா இருக்கு."

நான் போனை எடுத்து பச்சை எழுத்தைக் காட்டினேன். பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணியும் இல்லீங்க."

"பிரஷருக்கு? சுகருக்கு?"

"எத்துவும் இல்லீங்க."

"மூத்திரம் நல்லாப் போறதுக்கு?"

"அது மாத்திரை இல்லீங்களே. அது க்யூவுக்குப் போடறது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எடுங்க, பார்ப்போம்."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னதும் என் போனை மறுபடி வாங்கி அந்த 3.2-ஐப் பார்த்தார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன்.

புராஸ்டேட் சுரப்பி ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசியும். அதைத்தான் பி.எஸ்.ஏ. என்று அளக்கிறார்கள். சுரப்பி வீங்கினால் அதிகமாகக் கசியும், கிருமி பிடித்தாலும் கசியும், புற்று வந்தாலும் கசியும். அதனால் எண் ஏறினால் புற்று என்று அர்த்தம் இல்லை, ஏறவில்லை என்றால் புற்றே இல்லை என்றும் அர்த்தம் இல்லை. வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிகிற மாதிரி அது. எரிந்தால் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் போட்ட மாத்திரையில் டூட்டாஸ்டரைட் என்று ஒரு மருந்து இருக்கிறது. வீக்கத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் அதை மாதக்கணக்கில் போட்டால் பி.எஸ்.ஏ. எண்ணை ஏறக்குறைய பாதியாக இறக்கிவிடும். அது தெரிந்த டாக்டர், வருகிற எண்ணை இரட்டிப்பாக்கிப் பார்ப்பார்.

என் 3.2 உண்மையில் ஆறுக்கு மேலே. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மேலே துணி போட்டு மூடியிருந்தது.

"அப்ப அந்த லேப்காரங்க ஏங்க நார்மல்னு போட்டாங்க?"

"அவங்களுக்கு நீங்க மாத்திரை போடறது தெரியாதுல்ல."

"அவங்க கேக்கலீங்களே."

டாக்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். நியாயமான மனுஷி, என்னைத் திட்டவும் இல்லை. ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தப் பந்தலில் ஊசிக்குக் கையை நீட்டி நின்ற டிரைவர்களில் பாதிப் பேர் பையில் இதே அட்டை இருந்தது. கேட்டிருந்தால் சட்டைப் பையைத் தட்டிக் காட்டியிருப்போம். ஒரு கேள்வி. அதற்கு எத்தனை மூச்சு செலவாகும்? போட்டோ எடுக்க எங்களை வரிசையாக நிறுத்தியதற்கு அதைவிட நேரமானது.

கிருமி இருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள். இல்லை. ரத்தம் மறுபடி எடுத்தார்கள். 3.9. அப்போதும் நாலுக்குக் கீழேதான், அந்த மெஷினுக்கு அதுவும் நார்மல்தான். "மாத்திரை போட்டும் ஏறுது, அதுதான் கவலை," என்றார் டாக்டர். அப்புறம் ஸ்கேன், குழாய்க்குள் படுக்க வைத்து டமடம என்று தட்டுவார்களே, அது. பிறகு பயாப்ஸி. அதாவது ஊசியால் அந்தச் சுரப்பியிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளை எடுத்துப் பரிசோதிப்பது. மரத்துப்போக மருந்து போடுகிறார்கள், வலி தாங்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஊசி டக்கென்று பாய்கிற சத்தம் இருக்கிறதே, ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி, அதற்கு உடம்பு முன்கூட்டியே துள்ளுகிறது. பிறகு சில நாள் மூத்திரத்தில் ரத்தம் வரும் என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். சொல்லிவிட்டால் பயம் இல்லை பாருங்கள். அதைத்தான் நான் கேட்கிறேன்.

பயாப்ஸிக்காக என்னைச் சேர்த்த வார்டில் பக்கத்துக் கட்டில் ஏகாம்பரம் அண்ணாத்தே. கல்மண்டபத்துக்காரர், மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் போடுகிறவர். அவர் கதை எனக்கு நேர்த் தலைகீழ். அவருக்கு ஒன்பது என்று வந்ததாம், சிவப்பு எழுத்தில். அதை அனுப்பிய இடத்திலிருந்தே அடுத்த நாள் போன் போட்டு, "சார், கேன்சர் பேக்கேஜ் இருக்கு" என்றார்களாம்.

"நான் வூட்ட யார் பேருக்கு எழுதறதுன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்பா," என்றார். "சோறு எறங்கல. என் பொஞ்சாதி சாமிக்கு மொட்ட போட வேண்டிக்கினா. எனக்கு, அவளுக்கு, பசங்களுக்கு, மொத்தமா."

"இங்க இன்னா சொன்னாங்க?"

"ஊசி குத்திப் பாத்தாங்க. ஒரு மயிரும் இல்ல. வெறும் வீக்கமாம். இப்ப வீக்கத்துக்குத்தான் ஆப்பரேசன்." மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "மயிருதான் போச்சு."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்குச் சிவப்பு போட்டுப் பயமுறுத்தினார்கள், எனக்குப் பச்சை போட்டுத் தூங்கவைத்தார்கள். ரெண்டு பேரையும் யாரும் உட்காரவைத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எண்களை விற்கிறவன் அர்த்தத்தைத் தருவதில்லை.

எனக்கு முடிவு வந்த அன்று உங்கள் அம்மா என் கையைப் பிடிக்கவில்லை, டாக்டரின் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். புற்றுதான். எவ்வளவு முரட்டுத்தனமானது என்று பார்க்க ரெண்டு எண்ணைக் கூட்டுகிறார்கள். எனக்கு மூணும் நாலும் ஏழு. ஆறு என்றால் சில பேரை வெட்டாமல், அடிக்கடி ரத்தம் பார்த்துக் கவனித்துக்கொண்டே விட்டுவிடுவார்களாம். எனக்கு எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று தெரிய இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும். அதன் முடிவுக்குக் காத்திருந்த நாட்களில்தான், தினேஷ், நீ என்னைக் கடற்கரைக்கு பைக்கில் கூட்டிப்போய் ஒன்றும் பேசாமல் சுண்டல் வாங்கிக் கொடுத்தாய். எலும்பில் இல்லை என்று வந்தது. அன்றைக்கு நான் அழுதேன். நீ பார்க்கவில்லை.

காப்பீட்டு அட்டையில் ஆப்பரேசன் நடந்தது. மருந்து, போக்குவரத்து எல்லாம், பவானி, நீ பார்த்துக்கொண்டாய். பிறகு கொஞ்ச நாள் குழாயும் பையுமாக இருந்தேன். மூத்திரப்பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடக்க வேண்டும் என்றபோது, தினேஷ், நீ அதை ஜவுளிக்கடைத் துணிப்பைக்குள் போட்டு, ஏதோ புடவை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி என் பக்கத்தில் நடந்தாய். குழாயை எடுத்த பிறகும் சொட்டுகிறது. பஞ்சு வைத்துக்கொள்கிறேன். தும்மினால் பயம். போகப் போகச் சரியாகும் என்கிறார்கள். இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆப்பரேசன் முடிந்து படுத்திருந்தபோது காதர் பாய் வார்டுக்கு வந்தார். கட்டிலருகே வராமல் கதவோரமே நின்றார்.

"நான்தானே மாமு குட்த்தேன்."

"நீ குட்த்த, நான் துன்னேன். கேக்க வேண்டியவன் கேக்கல. குந்து பாய்."

"அத்த போட்டதாலதான் வந்துச்சா?"

"இல்லியாம். வந்தத்த மறச்சுதாம்."

பாய் ரொம்ப நேரம் என் காலடியில் இருந்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். அவர் என்னைவிட அதிக நாள் போட்டவர்.

"நீயும் வந்து காட்டு பாய்."

"தெரியாத வரைக்கும் நிம்மதியா கீறேன். வுடு."

"நானும் அப்டித்தான் நிம்மதியா இருந்தேன், ஒரு வருசம்."

அவர் போர்வையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்கிறேன். சுரப்பியே இல்லாதவனுக்கு அந்த எண் ஏறக்குறைய இல்லாமல்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறது. இனிமேல் ஏறினால்தான் கவலை. அந்த ஒரு வருஷம் முன்னாலேயே பிடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாதுய்யா," என்றார். சொல்ல முடியாததுதான் என்னைத் தின்கிறது. ஒன்றும் மாறியிருக்காது என்றாலாவது கோபம் ஆறியிருக்கும்.

தினேஷ், அப்பனுக்கு வந்தால் பிள்ளைக்கு வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். நாற்பத்தைந்தை நெருங்கும்போது இந்த டெஸ்டைப் பற்றி டாக்டரிடம் பேசு. இன்னொன்று. முடி கொட்டுகிறது என்று அலமாரியில் ஒளித்துவைத்து ஒரு மாத்திரை போடுகிறாயே, எனக்குத் தெரியும். அட்டையை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். ஃபினாஸ்டரைட். அதுவும் இந்த எண்ணைப் பாதியாக்குகிற அதே ஜாதிதான். போடு, போடாதே என்று நான் சொல்லவில்லை. எங்கே ரத்தம் கொடுத்தாலும் வாயைத் திறந்து சொல். பவானி, நீ பொண்ணு, உனக்கு இது இல்லை என்று விட்டுவிடாதே. வீட்டில் இருக்கிற ஆம்பளைகள் சொல்லமாட்டார்கள். நீ கேள்.

போன வாரம் யார்டில் மறுபடியும் பந்தல் போட்டார்கள். அதே லேப், அதே சூப்பர்வைசர் பையன். எனக்கு இன்னும் ஸ்டீயரிங் பிடிக்க அனுமதி இல்லை. கஸ்தூரி வேண்டாம் என்றாள், கேட்காமல் ஷேர் ஆட்டோவில் போனேன். ரத்தம் எடுக்கிற பெண்ணிடம், "மாத்திரை என்ன போடறாங்கன்னு கேட்டியாம்மா?" என்றேன். பாவம், அவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள்.

"சார், அது எங்க பேக்கேஜ்ல இல்ல. தள்ளி நில்லுங்க, லைன் போகட்டும்," என்றான் அவன்.

"அந்த நம்பரு பாதியா வருதுன்னு உனக்குத் தெரியுமா?"

"நீங்க யார் சார், டாக்டரா?"

"இல்ல. போன தபா நீ நார்மல்னு அனுப்புன ஆளு."

சட்டையைத் தூக்கி வயிற்றுத் தையலைக் காட்டினேன். வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லோருக்கும் நான் எதற்குப் படுத்திருந்தேன் என்று தெரியும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரியே எல்லோரும் எதிரே பார்த்தார்கள். இவ்வளவுதானா என்று தோன்றியது.

வரிசை நடுவிலிருந்து காதர் பாய் வெளியே வந்தார். பரிசோதனைக்கு நிற்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அந்தப் பெண்ணின் மேஜைமேல் வைத்தார்.

"எழுதிக்கம்மா. அஞ்சு வருசமா போட்டுக்கினு கீறேன். இன்னிக்கிக் காலீலயும் போட்டேன்."

அந்தப் பெண் சூப்பர்வைசரைப் பார்க்காமல் பேனாவை எடுத்தாள். பாய்க்குப் பின்னால் நின்றவன் தன் பையைத் தடவ ஆரம்பித்தான்.